பாட்டியின் பீரோ கண்ணாடியும் என் 14,500 ரூபாயும்

14,500 ரூபாய். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை ஓடாது. பணம் போனதைவிடப் பெரிதாக ஒன்று போயிருக்கிறது, அதற்கு ரூபாய்க் கணக்கு கிடையாது. இருந்தாலும் காவல் நிலையத்திலும் சரி, சொந்தக்காரர்களிடத்திலும் சரி, எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு போயிற்று?" என்றுதான். 14,500.

வீட்டில் பழைய பீரோ கண்ணாடி, டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடி வைத்திருப்பவர்கள், அதைச் சின்ன வீட்டுக்கு ஏற்றபடி மாற்றலாம் என்று நினைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில், வாடகைக்கு எடுத்த மாடி வீடு. கூடம் பத்தடிக்கு ஒன்பதடி. ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் கையை நீட்டித் தொடும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். பகல் பதினொரு மணிக்கும் விளக்குப் போட வேண்டும். குடியாத்தத்தில் பாட்டி வீட்டைப் பாகம் பிரித்தபோது, மாமாக்கள் நிலத்தையும் பாத்திரங்களையும் பார்த்துக்கொண்டிருக்க, கேட்பாரில்லாமல் கிடந்த கண்ணாடி பீரோவும் வட்டக் கண்ணாடி வைத்த டிரஸ்ஸிங் டேபிளும் எனக்கு வந்தன. பீரோ எங்கள் படிக்கட்டில் ஏறவே இல்லை. கதவை மட்டும் கழற்றி ஏற்றினோம். ஜன்னலுக்குப் பக்கச் சுவரில் அதைச் சாய்த்து வைத்த அன்று கூடம் இரண்டு மடங்காகிவிட்டது போல இருந்தது. ஜன்னல் வழியே வரும் கொஞ்சம் வெளிச்சத்தையும் அது வாங்கி எதிர்ச் சுவரில் போட்டது. அப்போதே "இது போதும்" என்று விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலரை அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம். நான்கு பக்கமும் ஓர் அங்குல அகலத்துக்குச் சாய்வாகச் செதுக்கிய ஓரம். அந்த ஓரத்தில் முகம் பட்டால் ஒரு காது தனியாகத் தெரியும். சின்ன வயதில் நானும் என் தம்பியும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்போம். பெல்ஜியம் கண்ணாடி என்று பாட்டி சொல்வாள். எங்கள் பக்கம் கனமாக, ஓரம் செதுக்கியதாக இருக்கும் பழைய கண்ணாடி எல்லாமே பெல்ஜியம்தான், அதற்கு ரசீதா இருக்கிறது? கீழ் இடது மூலையில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். வலது ஓரத்தில், பாட்டியின் முக உயரத்துக்கு, பொட்டு ஒட்டி ஒட்டி எடுத்த பசையின் வட்டத் தடங்கள். பின்பலகையில் தச்சர் பென்சிலால் தாத்தா எழுதியிருந்தார்: "1962. கண்ணாடி மட்டும் ரூ. 22."

இப்போது என்னை ஏமாற்றிய ஆளைப் பற்றி. பழைய மரச்சாமான்களை அலங்காரப் பொருளாக மாற்றித் தருகிறோம் என்று படம் பகிரும் செயலி ஒன்றில் பக்கம் வைத்திருக்கிறார். ஊருக்குச் சற்று வெளியே தகரக் கொட்டகையில் பட்டறை. கடையின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் வழக்கு என் மேல் திரும்பும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். ஏமாந்தவள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், ஏமாற்றியவர் தினம் இரண்டு வீடியோ போடலாம். என்ன நியாயமோ!

நேரில் வந்து பார்த்தார். முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார், அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். கண்ணாடி முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, அந்தப் பொட்டுத் தடங்களை விரலால் தடவிப் பார்த்தார். "அக்கா, இதைத் துடைக்கவே மாட்டேன். இதுதான் இந்தக் கண்ணாடிக்கு அழகு. எங்கள் ஆயா வீட்டிலும் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். என் மாமாக்கள் ஒருவருக்குக்கூடக் கண்ணில் படாத தடம் அது. முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பார்த்துவிட்டாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. ரசீது கேட்க வேண்டும், புகைப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது, அவர் தடவிப் பார்த்தது பொட்டுத் தடத்தை அல்ல, கண்ணாடியின் கனத்தை.

பேசிய கணக்கு இது. பீரோ கதவையே சட்டமாக வைத்து, அரித்த மரத்தை மாற்றி, பாலிஷ் போட்டு, ஆணி அடிக்காமல் தரையில் சாய்த்து நிறுத்தும்படி அடித்தாங்கி வைத்துத் தர 9,000. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் பலகை வைத்து, பூஜை அலமாரிக்கு மேலே மாட்டும்படி செய்துதர 5,500. மொத்தம் 14,500. முன்பணம் 8,000 ஜிபேயில் அன்றே அனுப்பினேன். கீழே இறக்கும்போது கதவின் தலைப்பக்கத்தை என் தம்பியும் கால்பக்கத்தை அவருடைய ஆளும் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறக்கினார்கள். இதை நினைவில் வையுங்கள்.

பத்து நாள் என்றது ஐந்து வாரமாயிற்று. பிறகு ஒரு நாள் காலையில் "ரெடி அக்கா. மீதியை அனுப்பினால் வண்டி புறப்படும்" என்று வாட்ஸ்அப் வந்தது. 6,500 அனுப்பினேன். வண்டியில் வந்த பையன் தனி ஆளாகக் கண்ணாடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடி ஏறினான். என் தம்பி அப்போதே கேட்டான், "என்னப்பா, இவ்வளவு லேசாக இருக்கிறது?" அரித்த மரத்தை எடுத்துவிட்டோம், அதனால் கனம் குறைந்துவிட்டது என்றான் பையன். பட்டறையில் சொல்லி அனுப்பிய பதில்.

பாலிஷ் பளபளவென்று இருந்தது. கண்ணாடியில் ஆங்காங்கே கருப்புப் புள்ளிகள், கேழ்வரகை இறைத்தது போல. பொட்டுத் தடம் இல்லை. சாய்வு ஓரமும் இல்லை. பின்பலகை புத்தம்புது பிளைவுட்.

உடனே போன் செய்தேன்.

"சாய்வு ஓரம் எங்கே தம்பி?"

"பீடிங்குக்கு, அதாவது ஓரத்தில் அடிக்கும் மரப்பட்டிக்கு, உள்ளே போய்விட்டது அக்கா. அப்போதுதான் பிடிமானம் இருக்கும்."

"பொட்டுத் தடம்?"

"பாலிஷ் போடும்போது தின்னர் பட்டிருக்கும்."

"இந்தப் புள்ளிகள்?"

"பழைய ரசம் அக்கா, அப்படித்தான் இருக்கும். ஊரில் இதற்காகவே பணம் கொடுத்து வாங்குகிறார்கள்."

தாத்தா எழுதிய பலகையைக் கேட்டேன். "அதுவா, அடுப்புக்குப் போட்டிருப்பார்கள்" என்றார். இதை எழுதும்போதும் உடம்பு நடுங்குகிறது.

மூன்றாவது வாரம் வட்டக் கண்ணாடியில் திட்டுகள் கிளம்பின. நடுவில் ஒன்று, சுற்றி நான்கு, பகடையில் ஐந்து விழுந்தது போல. லாங் பஜாரில் கண்ணாடி வெட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். திருப்பி முகர்ந்து பார்த்தார். "காடி வாடை, வினிகர் வாடை வருகிறதா பாருங்கள் அம்மா" என்றார். வந்தது. சாதாரண சிலிக்கான் பசை காயும்போது அமிலம் விடும், அது பின்பூச்சை அரித்துக்கொண்டு ரசத்துக்குப் போய்விடும் என்றார். கண்ணாடிக்கென்று அமிலம் விடாத சிலிக்கான் தனியாக இருக்கிறது. இவர்கள் குளியலறைச் சந்தில் அடைக்கும் பசையை ஐந்து உருண்டை வைத்து அப்பியிருக்கிறார்கள். முன்னால் தெரிவது அந்த ஐந்து உருண்டைகள். பாட்டி தலை சீவிய கண்ணாடி.

பீரோ கதவையும் பார்க்கச் சொல்லி வீட்டுக்கு அழைத்தேன். போன சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து முனையைக் கண்ணாடியில் வைத்தார். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி தெரிந்தது. ரசம் கண்ணாடியின் பின்பக்கம் இருப்பதால், கனம் கூடக்கூட இந்த இடைவெளியும் கூடும். "இது நான்கு எம்.எம். அம்மா. நீங்கள் சொல்கிற பழைய சரக்கு ஆறாவது இருந்திருக்கும்" என்றார். பீடிங்கை ஒரு பக்கம் நெம்பிக் காட்டினார். உள்ளே சாய்வு ஓரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மழமழவென்று வெட்டிய புதுக் கண்ணாடி. மூலையில் சில்லும் கிடையாது. பின்னாலிருந்து பூச்சைச் சுரண்டி, அமிலத்தைத் துணியில் தொட்டு ஒற்றிப் புள்ளி வரவழைத்திருக்கிறார்கள். நிஜமாகவே வயதான கண்ணாடியில் ஈரம் ஓரத்தில்தான் நுழையும், அதிலும் கீழ் ஓரத்தில். அங்கிருந்துதான் கறுக்க ஆரம்பிக்கும். நட்டநடுவில் கேழ்வரகு இறைத்தது போல வராது. பெரியவருக்குக் கொடுத்த ஐம்பது ரூபாயை வாங்கவில்லை. காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

கோபத்தில் அன்று இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, இரண்டரை கிலோ. என் பாட்டியின் கண்ணாடி ஏறக்குறைய 7.8 கிலோ. வந்திருப்பது 5.2. ஒரு தராசு இருந்திருந்தால் வாசலிலேயே பிடித்திருப்பேன். ரசம் என்று நாம் இன்னும் சொல்கிறோமே தவிர, பாதரசம் கலந்து பூசியதெல்லாம் அந்தக் காலம். 1835இல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியல் அறிஞர் கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் முறையைச் சொன்ன பிறகு வெள்ளிப் பூச்சு வந்தது. இப்போது மலிவுச் சரக்கில் அலுமினியம். அதில் முகம் சற்று மங்கலாகத் தெரியும். எனக்கு ஐந்து வாரமாக வயதாகிவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

பெரியவர் சொன்னதைச் சொல்லி மறுபடி போன் செய்தேன். முதல் தடவை, "மீட்டிங்கில் இருக்கிறேன்." தகரக் கொட்டகையில் என்ன மீட்டிங்? இரண்டாவது தடவை, "பையன்கள் ஏதாவது குழப்பியிருப்பார்கள், பார்த்துச் சொல்கிறேன்." மூன்றாவது தடவை ஒரு பெண் எடுத்து, சார் வெளியூர் போயிருக்கிறார் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன். கொட்டகை திறந்திருந்தது, ஆளும் இருந்தார். மோர் குடித்த அதே ஆள்தான், உட்காரச் சொல்லவில்லை. "அக்கா, கண்ணாடி உங்களுடையது இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்? போட்டோ இருந்தால் காட்டுங்கள்" என்றார். அக்கா என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. பொங்கலன்று என் மகள் பாவாடை சட்டையில் நிற்பது, அவள் தோள் சாய்வு ஓரத்தில் இரண்டாகத் தெரிவது. அதைக் காட்டினேன். "குழந்தை அழகாக இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று அவருடைய பக்கத்தில் ஒரு படம். "பழங்காலப் பெல்ஜியம் கண்ணாடி, தேக்குச் சட்டத்தில், 32,000." நாலரை அடி உயரம். ஓரம் செதுக்கியது. கீழ் இடது மூலையை மறைத்து ஒரு பூச்சட்டி வைத்திருக்கிறார்கள். பூச்சட்டியைக் கொஞ்சம் நகர்த்திக் காட்ட முடியுமா என்று கீழே எழுதினேன். ஐந்து நிமிடத்தில் என்னைத் தடை செய்துவிட்டார்கள்.

வேலூர்க் கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் பல காலம் எங்கள் சத்துவாச்சாரியில் இருந்துவிட்டு 1981இல் தம் கோயிலுக்கே திரும்பிப் போனார். ஆகவே போனது திரும்பி வரும் என்கிறாள் அம்மா. அவளுக்கு என்ன, கண்ணாடியை வாசலுக்கு எதிரே வைக்காதே என்று அன்றே சொன்னேன் என்பதில்தான் குறி.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். மணி பன்னிரண்டாகிறது, காலையில் வேலைக்குப் போக வேண்டும். தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை வெளியே கொடுக்காதீர்கள், ஆளை வீட்டுக்கு வரவழைத்துக் கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முன்னும் பின்னும் நான்கு மூலைகளையும் படம் எடுங்கள், எடை போடுங்கள், பென்சில் வைத்தும் ஒரு படம் எடுங்கள். பின்பலகையைத் தனியே கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பசை என்று கேளுங்கள், காடி வாடை அடித்தால் வேண்டாம். இரட்டைப் பக்க ஒட்டு டேப்பை நம்பி எட்டுக் கிலோவைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மீதிப் பணத்தைப் பொருளைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாதாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டுமாம். ஜிபே விவரமும் வாட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. போடப் போகிறேன்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் யாராவது, அல்லது சென்னையில் ஏதாவது காபி கடையிலோ புது வீட்டிலோ, சாய்வு ஓரம் வைத்த நாலரை அடிக் கண்ணாடியைப் பார்த்தால் கீழ் இடது மூலையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.