க்ளோ லூசே: மூன்றாண்டு விருந்தாளியும் ஐந்நூறாண்டு வீடும்

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் உள்ள அம்புவாஸ் நகரில், அரண்மனையைத் தாண்டி மேட்டுத்தெருவில் சற்று நேரம் நடந்தால் க்ளோ லூசே மாளிகையின் வாயில் வந்துவிடும். லியொனார்டோ டா வின்சி தம் கடைசி மூன்றாண்டுகளைக் கழித்த வீடு என்பதற்காகத்தான் பெரும்பாலோர் நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். வெளியே வரும்போதோ, விருந்தாளியைவிட வீடே என் மனத்தை நிறைத்திருந்தது.

இளஞ்சிவப்புச் செங்கல்லும் அவ்வட்டாரத்துக்கே உரிய வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லும் கலந்து எழுப்பப்பட்ட இவ்வீட்டை 1471-இல் கட்டியவர், பதினோராம் லூயி மன்னரிடம் பணியாற்றிய எத்தியேன் லெ லூ. அரண்மனை அடுக்களையில் எடுபிடியாக இருந்து பிரபுப் பட்டம் வரை உயர்ந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1490-இல் எட்டாம் சார்லஸ் இதை வாங்கியதும், காவல் வீடுபோல் இருந்த கட்டடம் அரச குடும்பத்தின் ஓய்வில்லம் ஆயிற்று. தம் அரசி ஆனுக்காக அவர் கட்டித் தந்த சிறிய வழிபாட்டு அறை இன்றும் இருக்கிறது. பெற்ற பிள்ளைகளைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்த அந்தப் பெண் மண்டியிட்டிருந்த இடம் என்று தெரிந்து நிற்கும்போது, அவ்வறையில் குரலை உயர்த்திப் பேச யாருக்கும் மனம் வராது. சார்லஸோ 1498-இல் அம்புவாஸ் அரண்மனையில் ஒரு தாழ்ந்த நிலைப்படியில் தலை மோதி இறந்துபோனார்.

பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா அழைத்ததன் பேரில் லியொனார்டோ 1516-இல் இங்கு வந்தபோது அவருக்கு வயது 64. மோனா லிசா ஓவியமும் அவருடன் வந்தது. அவர் இறந்ததாகக் கருதப்படும் படுக்கையறையில் உள்ள கட்டில் அவர் படுத்ததே என்று எண்ணிவிடக் கூடாது. காலத்துக்குப் பொருந்தும்படி பின்னாளில் தேடி வைத்த பொருள்களே அங்கு உள்ளன. மன்னரின் கைகளில் அவர் உயிர் பிரிந்தது என்ற கதையையும் நான் நம்பவில்லை, ஏனெனில் 1519 மே 2-ஐ ஒட்டிய நாட்களில் அரசவை தொலைவில், பாரிசை அடுத்த சென் ஜெர்மான் நகரில் இருந்தது. அரண்மனையிலிருந்து மன்னர் சுரங்கவழியாக நடந்து வந்து அவரைப் பார்த்தார் என்பதும் கேட்க இனிமையான கதைதான். ஆனால் அறையின் சன்னல் பொய் சொல்வதில்லை. சீடர் பிரான்செஸ்கோ மெல்சி வரைந்ததாகக் கருதப்படும் ஒரு கோட்டோவியத்தில் காணும் அதே அரண்மனை, இன்றும் அத்திசையில் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சமையலறை. அகன்ற கணப்படுப்பும் கல்தரையும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை என்று கடந்துவிடத் தோன்றும். இங்கே சமைத்தவர் மத்துரீன் என்ற பணிப்பெண். லியொனார்டோ 1519 ஏப்ரல் 23-இல் எழுதுவித்த உயிலில், உள்ளே மென்மயிர் வைத்துத் தைத்த நல்ல கருந்துணி மேலங்கி ஒன்றையும் இரண்டு டூகட் காசுகளையும் அவளுக்கு விட்டுச் சென்றார். இதை முன்பே தெரிந்துகொண்டு அந்த அடுப்பின் எதிரே நின்றால், கூடத்துப் பகட்டெல்லாம் சிறுத்துவிடுகிறது.

கீழ்த்தளத்தில், அவருடைய வரைபடங்களைக் கொண்டு ஐபிஎம் நிறுவனத்தார் செய்த நாற்பது இயந்திர மாதிரிகள் உள்ளன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்கள் விரைவாகவே பார்த்துவிடலாம். பிரெஞ்சுப் புரட்சியில் இடிபடாமல் இவ்வீட்டைக் காத்தது அன்று இதற்கு உரிமையுடைய அம்புவாஸ் குடும்பம். 1855-இல் இது சான் பிரி குடும்பத்தின் கைக்கு வந்தது. அவர்களே 1954-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்றும் இது தனியார் சொத்தே என்பதால்தானோ என்னவோ, அறைகளில் அருங்காட்சியகத்தின் விறைப்பு இல்லை.

ஏறத்தாழ 7 ஹெக்டேர் தோட்டத்தினூடே அமாஸ் என்னும் சிற்றாறு ஓடுகிறது. கரையோர நிழலில் அங்கங்கே பெரிய இயந்திரங்களை நிறுத்தியிருக்கிறார்கள், கையால் சுழற்றிப் பார்க்கலாம். அரைநாளாவது ஒதுக்க வேண்டும். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேருமுன் காலையிலேயே வீட்டைப் பார்த்து முடித்து, தோட்டத்தை மதியத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.