பெகு பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை

ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. எதிர்வீட்டில் குக்கரில் சோறு வைத்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா, சாயங்காலம் ஊறப்போட்ட உளுந்தைக் கிரைண்டரில் கொட்டிவிட்டுப் பக்கத்திலேயே மணைபோட்டு உட்கார்ந்திருந்தார். பெல்ட் தேய்ந்துபோய்க் கீச்சென்று கத்தியது. அது நழுவும்போதெல்லாம் விறகுக்குச்சியால் அழுத்திப் பிடித்தார்.

"விடியட்டுமே அம்மா."

"விடிஞ்சா ஏது கரண்டு? நாலு மணிக்குப் போயிரும். நீ போய்ப் படு தம்பி."

நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். மூன்று வருடம் கழித்து இந்தப் பொங்கலுக்குத்தான் பர்மாவில் இருக்கும் ஊருக்கு வர முடிந்தது. யாங்கோனிலிருந்து பெகு 50 மைல். அங்கிருந்து உள்ளே போனால் வயல் நடுவில் எங்கள் ஊர். அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் 2026 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். அன்று விசேஷம் ஒன்றுமில்லை. தேர்தலில் இரண்டு கட்டம் முடிந்து, 25-ஆம் தேதி மூன்றாம் கட்டம் வரவிருந்த வாரம்.

காலையில் அம்மா சுட்ட இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அக்காவோடு கிராம அதிகாரி வீட்டுக்குப் போனேன். என் பெயர் யாங்கோன் வீட்டுக் குடும்பப் பட்டியலில் இருக்கிறது. அம்மா இருக்கும் அக்கா வீட்டில் ஒரு ராத்திரி தங்கினாலும் 'எசாயின்', அதாவது விருந்தாளிப் பதிவு, செய்தாக வேண்டும். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இதைக் கறாராகக் கேட்கிறார்கள். சொந்த அம்மாவைப் பார்க்க வந்தவன் விருந்தாளி என்று கையெழுத்துப் போடும்போது மனசு கனத்துப்போனது. பதிவு எழுதியவர் தன்மையாகத்தான் பேசினார். அடையாள அட்டை நகல் இரண்டு கேட்டார். ஊரில் நகல் எடுக்கக் கரண்ட் வேண்டும், ஆகவே யாங்கோனிலேயே பத்து நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். வழியில் சோதனைச் சாவடியில் போனையும் பார்க்கிறார்கள். ஃபேஸ்புக்கை 2021-லேயே முடக்கிவிட்டார்கள். அதைத் திறக்க வைத்திருந்த விபிஎன்னை நான் விமானம் ஏறும் முன்பே அழித்துவிட்டேன்.

பணம்தான் பெரிய பாடு. 2023 செப்டம்பர் முதல் எங்களைப் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சம்பளத்தில் 25 சதவீதத்தை வங்கி வழியாகத்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும். அப்போது அரசு சொன்ன டாலர் விலை 2,100 சாட் (பர்மியப் பணம்). அந்த எண் 2022-லிருந்து மாறாமல் இருந்தது. கடைத்தெரு விலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கணக்கில் பணம் இருந்தாலும் கையில் நோட்டாக எடுப்பது தனி வேலை. அன்று ஒரு வங்கிக் கிளையில் இரண்டு மணி நேரம் நின்றேன். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. மீதியை ஒரு மளிகைக் கடைக்காரர், போனில் வாங்கிக்கொண்டு, கமிஷன் பிடித்துக்கொண்டு நோட்டாகக் கொடுத்தார்.

அந்த நோட்டுகளை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே எழுபத்தைந்து சாட் நோட்டு எட்டு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டெல்லாம் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். மாற்றிக் கொடுக்கவும் இல்லை. அப்பா நெல் விற்று வைத்திருந்த பணம் அது. ஓரம் கருத்து, துணிபோல மெத்தென்று ஆகிவிட்டது. 1964-லும் 50, 100 சாட் நோட்டுகள் திடீரென்று செல்லாமல் போயின என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்தக் காலத்தில்தான் எங்கள் உறவில் பாதிப்பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அதனால் அம்மா ரேடியோவில் பணத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்பார். நான் கொடுத்ததையும் மறுநாளே தங்கமாக மாற்றச் சொல்லிவிட்டார். அவர் செய்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

சாயங்காலம் அத்தானோடு வயலுக்குப் போனேன். நெல் அறுத்த ஈரத்திலேயே விதைத்த உளுந்து முழங்கால் உயரம் நின்றது. சில செடியில் மஞ்சள் பூ, சில செடியில் காய். அத்தான் ஒரு காயைப் பிளந்து காட்டினார். பச்சை மணி ஏழு. இங்கே இன்னும் எடைக்கு வீசைதான் பேச்சு. அந்த எடையைப் பர்மியர் 'பெய்த்தா' என்கிறார்கள். இந்த நாட்டு உளுந்தில் பெரும்பங்கு வாங்குவது இந்தியாதான். இந்தியா தந்திருந்த வரியில்லா இறக்குமதிச் சலுகை அப்போது 2026 மார்ச் 31 வரைக்கும்தான் இருந்தது. எங்கள் அறுப்பு முடிவதும் மார்ச்சில்தான். அதற்கு மேல் நீட்டுவார்களா என்பதுதான் அன்று அத்தான் கேட்ட ஒரே நாட்டுச் செய்தி. "டெல்லியில யாராவது ஒரு வார்த்தை சொன்னா, பெகு வியாபாரி போன் அடுத்த நிமிஷம் அடிக்கும்" என்றார்.

தேர்தலைப் பற்றி வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. குறை சொன்னாலே சிறை என்று 2025 ஜூலையில் சட்டம் வந்திருந்தது. அக்கா கவலை வேறு. அவள் மகனுக்கு 19 வயது. கட்டாய ராணுவச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. ஊரில் சீட்டுக் குலுக்குகிறார்கள். குலுக்கல் செலவு என்று வீட்டுக்கு வீடு மாதாமாதம் வசூலும் உண்டு. சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டு போ என்று அக்கா முன்பு சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்களுக்கு வெளிநாட்டு வேலை அனுமதியை 2024 மே மாதமே நிறுத்திவிட்டார்கள். அதனால் இந்த முறை அதைக் கேட்கவே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் தட்டில் மட்டும் இன்னொரு மீன் துண்டு வைத்தாள், அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு சோலார் விளக்கு மங்கியது. அம்மா மறுபடியும் உளுந்து ஊறப்போட்டார்.

"அடுத்த வாட்டி வரும்போது கிரைண்டருக்கு ஒரு பெல்ட் வாங்கிட்டு வா தம்பி. இங்க கிடைக்கிறது ரெண்டு மாசம் தாங்கமாட்டேங்குது."

பெல்ட்டைக் கழற்றி, நூல் வைத்து அளவெடுத்து, அந்த நூலை பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.