தோவாளைப் பூக்கூடையும் மூன்று கருவிகளும்

பத்தாம் வகுப்புத் தமிழில் பூவின் ஐந்து நிலைகள் பாடமாக வருகின்றன: அரும்பு, போது, மலர், வீ, செம்மல். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை நடத்த பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். தோவாளை மலர்ச் சந்தையில் காலையில் எடுத்த ஒரு படம் போதும். பிச்சி மாலையில்தான் விரியும் என்பதால் சந்தைக்கு அரும்பாகவே வந்துவிடும். பாதி விரிந்த ரோஜா ‘போது’. குவியலாகக் கிடக்கும் கேந்தி, அதாவது செண்டுமல்லி, ‘மலர்’. தரையில் சிந்திக் கிடப்பதை ‘வீ’ என்றும் முந்தைய நாள் வாடியதைச் ‘செம்மல்’ என்றும் வைத்துக்கொண்டேன், இரண்டும் அந்தப் படத்திலேயே இருந்தன. படத்தில் அங்கங்கே புள்ளி வைத்து, தொட்டால் சொல்லோ குரலோ கேள்வியோ வரும்படி செய்தால் அது ஊடாடும் படம். இந்த ஒரே படத்தைத் திங்லிங்க், எச்5பி, பவர்பாயிண்ட் என்ற மூன்று கணினிக் கருவிகளிலும் செய்து வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

திங்லிங்க் பின்லாந்தில் பிறந்தது. மூன்றில் இதுதான் சுலபம். படத்தை ஏற்றி, வேண்டிய இடத்தைத் தொட்டு, எழுத்தோ ஒலியோ காணொளியோ சேர்த்தால் வேலை முடிந்தது. பார்க்கவும் அழகாக இருக்கும். 360 பாகைப் படத்திலும் புள்ளி வைக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நிற்பதுபோல் ஒரு படம் கிடைத்தால், ஆங்கில வகுப்பில் ‘மேலே, கீழே, பக்கத்தில்’ எல்லாம் சொல்ல வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் இணையம் வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. நான் காட்ட நினைத்த அன்று மழையில் இணைப்பு போனது. பூக்கூடை திரைக்கு வரவே இல்லை, கரும்பலகையில் வரைந்து சமாளித்தேன். இலவசக் கணக்குக்கு வரம்புகளும் உண்டு.

அப்புறம் எச்5பி. இது திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. வழக்கமாக ஓர் இணையதளத்தில் சேர்த்துத்தான் இதைப் பயன்படுத்துவார்கள். சொந்தமாக இணையதளம் இல்லாத ஆசிரியர்கள் லூமி என்ற இலவசச் செயலியைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். தேவையான வடிவங்களை முதல் தடவை இணையத்திலிருந்து இறக்கிவிட்டால், பிறகு இணையம் இல்லாமலே செய்யலாம். முடித்ததை ஒரே எச்டிஎம்எல் கோப்பாக எடுத்து, பென்டிரைவில் போட்டு, ஆய்வகக் கணினிகளில் பிரவுசரில் திறந்தால் ஓடும்.

எச்5பியில் பல வடிவங்கள் இருக்கின்றன, தவறானதை எடுத்தால் உழைப்பு வீண். நான் முதலில் எடுத்தது, புள்ளியைத் தொட்டால் விளக்கம் வருகிற வடிவம். பிள்ளைகள் ஐந்து புள்ளியையும் படபடவென்று தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடையைப் புள்ளியே சொல்லிவிட்டது, அவர்கள் சொல்ல என்ன இருக்கிறது? அடுத்த நாள் ‘கண்டுபிடி’ வகைக்கு மாறினேன். படத்தில் புள்ளியே தெரியாது. “செம்மலைத் தொடு” என்று மட்டும் கேட்கும். தவறாகத் தொட்டால், நாம் எழுதி வைத்த குறிப்பு வரும். பக்கத்தில் இருப்பவனோடு பேசாமல் யாராலும் தொட முடியவில்லை. சரி, குறை? தயாரிக்கும் பக்கம் முழுக்க ஆங்கிலம். ஓர் எழுத்துப்பிழை விழுந்தாலும் திருத்தி, மறுபடி எல்லாக் கணினிக்கும் கோப்பைச் சுமக்க வேண்டும்.

பவர்பாயிண்டை யாரும் புதுக் கருவியாக நினைப்பதில்லை. ஆனால் பூவின் மேல் ஒரு வட்டம் வரைந்து, அதைத் தொட்டால் மட்டும் சொல் தோன்றும்படி டிரிக்கர் வைக்கலாம். ஒலியையும் அதற்குள்ளேயே பதியலாம். ஒரு தொல்லை உண்டு: வட்டத்துக்கு வெளியே கை பட்டால் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடும். டிரான்சிஷன் பகுதியில் ‘ஆன் மவுஸ் கிளிக்’ என்ற குறியை எடுத்துவிட்டால் தாவாது. பவர்பாயிண்ட் வாங்க வழியில்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸிலும் ஓரளவு செய்யலாம்.

என் ஓட்டு பவர்பாயிண்டுக்குத்தான். காரணம், இதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடிந்தது. புள்ளியில்லாத படத்தைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, ஐந்து இடத்தை நீங்களே தேர்ந்தெடுத்து உங்கள் குரலிலேயே சொல்லுங்கள் என்றேன். ஒரு குழு தரையில் கிடந்த பிச்சியில் ‘வீ’ என்று வைத்தது. வீட்டில் பூக்கட்டும் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

“டீச்சர், வீ செடியில இருந்து விழுந்ததுல்லா? இது கூடையில இருந்துல்லா விழுந்தது.”

பாடத்தில் உள்ள விளக்கமும் அதுதான், மரஞ்செடியிலிருந்து கீழே விழுந்த நிலை. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, என் மூன்று படத்திலும் அதே இடத்தில் நானும் ‘வீ’ என்றுதான் வைத்திருந்தேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து அந்தப் பாடவேளை முழுக்கப் பேசியது. எந்தக் கருவியும் அதைத் தரவில்லை, புள்ளி வைக்கும் உரிமை தந்தது. அந்த உரிமையைச் சுலபமாகக் கொடுக்க வைத்தது பவர்பாயிண்ட். திங்லிங்கில் கொடுத்தால் ஆளுக்கொரு கணக்கு வேண்டும், எச்5பியில் அந்த ஆங்கில மெனுக்களில் பிள்ளைகள் தடுக்கி நிற்பார்கள். தனியாக உட்கார்ந்து சொற்பயிற்சி செய்ய வேண்டும் என்றால் மட்டும் எச்5பியை எடுப்பேன்.

அவளுடைய குழு மறுநாள் ஆறாவதாக ஒரு புள்ளி சேர்த்து வந்தது. சந்தையில் மாலை கட்டிக்கொண்டிருந்தவரின் விரல்மேல் வட்டம். தொட்டால் அவளுடைய ஆச்சியின் குரல்: “தொடுக்கது வேற, கோக்கது வேற மக்கா. ஊசி எடுத்தா கோக்கது. நாரு எடுத்தா தொடுக்கது.”