பத்தனையா, பல்கலைக்கழகமா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும், ஆசிரியராக நினைக்கும் பிள்ளை உள்ள இலங்கை மலையக வீடுகளில், கல்வியியற் கல்லூரிக்கா பல்கலைக்கழகத்துக்கா என்ற வாக்குவாதம் தொடங்கிவிடும். ஆரம்பப் பிரிவில் கற்பிக்கத்தான் விருப்பம் என்றால், எங்கள் சாய்வு, ஆசிரியர்களைப் பயிற்றும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியின் பக்கமே.

கால அளவு தெரிந்த கதைதான். கல்லூரியில் 3 ஆண்டு: 2 ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பு, 1 ஆண்டு பாடசாலையில் கட்டுறு பயில்வு, அதாவது வகுப்பில் கற்பித்தே பழகுவது. பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கே 3 அல்லது 4 ஆண்டு. பிறகு நியமனத்துக்குக் காத்திருப்பு. பட்டதாரிகளுக்கான ஆசிரியப் பயிற்சியான பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பலர் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் முடிக்கிறார்கள்.

எங்களுக்குக் கணக்கைத் தீர்ப்பது கட்டுறு பயில்வு ஆண்டுதான். அந்த டிப்ளோமாவின் சில வாரக் கற்பித்தல் பயிற்சியில், மேற்பார்வையாளர் வரும் நாளுக்கென்று நாலு பாடத்தை மெருகூட்டி வைத்துச் சமாளித்துவிடலாம். ஒரே பிள்ளைகளோடு மூன்று தவணை இருக்கும்போது அது நடக்காது.

தோட்டத்துச் சிறு பாடசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்புச்சுவர் இல்லாத மண்டபம். தரம் 3, 4 இரண்டும் ஒருவர் கையில். 40 நிமிடப் பாடவேளையில் முதல் 10 நிமிடம் இரு தரத்துக்கும் பொதுவான வாய்மொழிச் செயற்பாடு. அடுத்த 12 நிமிடம் தரம் 3க்கு நேரடிக் கற்பித்தல், தரம் 4க்குப் பயிற்சி அட்டை. அதன்பின் 12 நிமிடம் மாற்றிப் போடுவது. மிச்ச 6 திருத்தத்துக்கு. புதியவர் சறுக்குவது அட்டையில்தான். எல்லோருக்கும் ஒரே அட்டை என்றால், கெட்டிக்காரப் பிள்ளை 4 நிமிடத்தில் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். எழுத்துக்கூட்டத் தெரியாதது பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும். எளிது, நடுத்தரம், கடினம் என்று 3 அடுக்கு வேண்டும். இதை விரிவுரையிலேயே சொல்லிவிடலாம். எந்தப் பிள்ளைக்கு எந்த அட்டை என்பது பெரும்பாலும் இரண்டாம் தவணையில்தான் பிடிபடும்.

இதிலும் ஓட்டை உண்டு. ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பாடசாலை, பயிலுநரை வெற்றுப் பாடவேளை நிரப்பும் ஆளாக்கிவிடும். யாரும் வகுப்பைப் பார்க்காவிட்டால் அந்த ஆண்டு வீண். வாரம் 2 பாடமாவது வழிகாட்டி ஆசிரியர் பின்வரிசையில் இருந்து பார்த்து, பாடக்குறிப்புக் கொப்பியில் கருத்தெழுத வேண்டும் என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

உயர்தரத்துக்குப் பௌதிகவியலோ இணைந்த கணிதமோ கற்பிக்க நினைப்பவருக்கு இந்த வாதம் செல்லாது. அங்கே பாட ஆழமே முதல், பல்கலைக்கழகத்துக்கே போகலாம். கல்லூரி டிப்ளோமாக்காரருக்கும் பட்டம் எட்டாக்கனி அல்ல: திறந்த பல்கலைக்கழகத்திலோ தேசிய கல்வி நிறுவகத்திலோ பின்னர் கல்விமாணிப் பட்டம் (B.Ed.) படிக்கலாம். அது வேலையோடு சேர்ந்த படிப்பு, சனி ஞாயிறு போய்விடும்.