லேப்டாப் ஸ்கிரீன் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

ஸ்கிரீனில் யாராவது விரலை வைத்தால் பதறுகிறோம். அந்த விரலால் வரும் கேடு குறைவு. எல்சிடி பேனலை லேசாக அழுத்தினால் நிறம் அலையலையாக மாறும், எடுத்ததும் சரியாகிவிடும். பேனலைக் கெடுப்பது பெரும்பாலும் மூடிய லேப்டாப் மேல் மணிக்கணக்கில் ஏறும் பாரம்தான்.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினமும் போய்வரும் லேப்டாப்களில் வெள்ளைத் திட்டு விழுவது இப்படித்தான். கூட்ட நெரிசலில் பேக் நசுங்கும்போது டிபன் பாக்ஸோ தண்ணீர் பாட்டிலோ மூடியில் ஒரே இடத்தில் குத்துகிறது. உள்ளே வெளிச்சத்தைப் பரப்பும் தாள்கள் அழுந்தி, அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. வெறும் வெள்ளைப் படத்தை முழுத்திரையில் போட்டு, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். ஓரம் மங்கிய வெளிர் திட்டு என்றால் அழுத்தம். ஊசிமுனைக் கறுப்பு என்றால் டெட் பிக்சல், அதாவது ஒளிராமல் போன ஒற்றைப் புள்ளி. மை கசிந்ததுபோல் கறுப்பு பரவினால் உள்கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டது. திட்டைத் தேய்த்தே எடுத்துவிடலாம் என்பவர்களிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள், இன்னும் பெரிதாகும். கண்ணை உறுத்தாவிட்டால் அப்படியே ஓட்டலாம்.

பேக்கில் மூடி முதுகுப் பக்கமும், கெட்டியான அடிப்பாகம் பாட்டில் பக்கமும் இருக்கட்டும். கீபோர்டுக்குப் போடும் சிலிக்கான் உறையை மூடுமுன் எடுத்துவிடுங்கள். கேமராவை மறைக்கும் பிளாஸ்டிக் தகடும் ஆபத்துதான்: மேக்புக்கில் 0.1 மி.மீ.க்கு மேல் தடிமன் கூடாது என்று ஆப்பிளே சொல்கிறது, அதாவது பிரிண்டர் தாள் அளவு. டச்பேட் திடீரென்று இறுகி க்ளிக் ஆகாமல் போனால் பேட்டரி உப்புகிறதா என்று பாருங்கள். உப்பிய பேட்டரி கீபோர்டைத் தூக்கி ஸ்கிரீனில் முட்டவைக்கும். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்த வேண்டும்.

டச் ஸ்கிரீன் கதை வேறு. அது அழுத்தத்தை உணர்வதில்லை, விரலின் மின்தன்மையை உணர்கிறது. அதனால் ஓங்கி அழுத்திப் பயனில்லை. மே மாத வேர்வையில் தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறொன்று என்றாகும். தொடாமலே கர்சர் குதித்தால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் ஸ்கிரீன் மீதில்லை, சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ இருக்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் மூன்று முனை பிளக் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. அப்படியும் குதித்தால் துடைத்துப் பார்த்துவிட்டு, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ‘எச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்’ என்பதை டிஸேபிள் செய்யுங்கள். சாதாரண லேப்டாப்பாக ஓடும். படம் வரையாதவர்கள் டச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதே எங்கள் கட்சி.

கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணலை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிய பிறகே துணி வையுங்கள். கண்ணாடியையும் கீறும் அது. துடைக்க போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைக் கறை நிற்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். துணியில் நனைத்துத் துடைக்கவும், ஸ்கிரீனில் நேராகத் தெளிக்கக் கூடாது. கீழ் ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

பேனல் மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய பேனலின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும், கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்பதையும் பார்த்து வாங்குங்கள். டிஸ்ப்ளே கேபிளைத் தொடுமுன் பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றாமல் சொருகினால் போர்டில் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) ஃபியூஸ் போகலாம், போனால் புது பேனலும் இருட்டாகவே இருக்கும்.