போர்டு போய்விட்டதா? மூன்று சோதனைகள், ஓர் ஒப்பீடு

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை. இந்தப் புகாரோடு வரும் கணினியில், போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டு) போய்விட்டதா, கோளாறு வேறெங்காவதா என்று தேட மூன்று வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன: நல்ல பாகங்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பது, கோளாறுக் குறியீட்டைக் காட்டும் டிபக் கார்டு செருகுவது, புராசஸரைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கோளாறைப் பீப் ஒலியால் சொல்லும் ஒரு சிறு ஸ்பீக்கரோடு போர்டை மட்டும் இயக்கிப் பார்ப்பது. நான் மூன்றாவதன் பக்கம்.

கடைகளில் அதிகம் நடப்பது முதல் வழிதான். கைவசம் நல்ல ராம் இருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் புது ராம் போட்டதும் டிஸ்பிளே வந்தால், பழைய ராம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் கோளாறு ராமில் இல்லை, ஸ்லாட்டில் பொருந்தும் அதன் அழுக்கேறிய உலோக முனைகளில் இருக்கிறது. பழையதையே ரப்பரால் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டிப் பார்த்த பிறகே புதியது வாங்கச் சொல்ல வேண்டும். புராசஸரை மாற்றிப் பார்ப்பதில் ஆபத்தே உண்டு. புராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதியில் ஒரு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பாகம்) ஷார்ட் ஆகியிருந்தால் 12 வோல்ட் நேராக உள்ளே பாயலாம். சோதனைக்குப் போட்ட நல்ல புராசஸரும் அதோடு போய்விடும்.

டிபக் கார்டு, பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) தன் ஒவ்வொரு கட்டத்திலும் 80 என்ற போர்ட்டுக்கு அனுப்பும் குறியீட்டை இரண்டு இலக்கங்களில் காட்டும். அது 00 அல்லது எஃப்எஃப் (FF) என்றே நின்றுவிட்டால், பெரும்பாலும் புராசஸர் வேலையையே தொடங்கவில்லை என்று பொருள். கார்டுகள் செருகும் பழைய வகை பிசிஐ ஸ்லாட் இருந்த காலத்தில் இது அருமையான கருவி. இன்றைய போர்டுகளில் அந்த ஸ்லாட்டே அரிது. அதன் இடத்துக்கு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்குப் பல போர்டுகள் இந்தக் குறியீட்டை அனுப்புவதில்லை. போர்டிலேயே இலக்கத் திரையோ, சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற நான்கு எல்இடி விளக்குகளோ இருந்தால் அவற்றை நம்பலாம். ஓர் எச்சரிக்கை: டிடிஆர்5 ராம் போட்டு முதன்முறை இயக்கும்போது டிராம் விளக்கு சில நிமிடங்கள் எரியும். போர்டு அப்போது ராமுக்கு ஏற்ற அமைப்புகளைத் தேடி அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறது; பதறிப்போய் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது.

இனி ஸ்பீக்கர். நான்கு முள் இணைப்பில் மாட்டும் விரல்நுனி அளவு பொருள், விலையும் சொற்பம். அண்ணன் மகளின் கணினியை ஒரு கடையில் “போர்டு போய்விட்டது” என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கேசுக்குள் வைத்தே ராமை முழுவதும் கழற்றி இயக்கினேன். ராம் இல்லாவிட்டால் நல்ல போர்டு ஸ்பீக்கர் வழியே கத்த வேண்டும். இது சத்தமே போடவில்லை. புராசஸருக்கு மின்சாரம் தரும் 8 முள் இணைப்பு சரியாகத்தான் இருந்தது. போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, பவர் பொத்தான் இணையும் முள் இரண்டையும் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு பீப். அந்த போர்டில் அதற்கு ராம் இல்லை என்று அர்த்தம். புராசஸரும் பயாஸும் உயிரோடுதான் இருக்கின்றன! கேசைக் குனிந்து பார்த்தால், போர்டில் துளையே இல்லாத இடத்தில் போர்டைத் தாங்கும் ஒரு பித்தளைத் திருகுத் தாங்கி முளைத்திருந்தது. அதன் தலை போர்டின் அடியில் பட்டு ஷார்ட் செய்திருக்கிறது. அதைக் கழற்றியதும் எல்லாம் சரியானது. பாகங்களை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

வெளியே எடுத்த பிறகும் சத்தம் வராவிட்டால் மல்டிமீட்டர் எடுக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தனியே கழற்றி, 24 முள் இணைப்பில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால் அது இயங்கும். அதன் 12 வோல்ட் கம்பியில் அளவு 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சுமையில்லாமல் சரியாகக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் படுத்துவிடும் எஸ்எம்பிஎஸ்ஸும் உண்டு; ஆகவே போர்டில் மாட்டிய நிலையிலும் ஒருமுறை அளக்க வேண்டும். பயாஸ் பேட்டரியைக் கழற்றி சிமோஸை (பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் நினைவகம்) அழித்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

பாகம் மாற்றுவதை நான் ஒதுக்கவில்லை. பீப் எந்தப் பாகத்தைச் சுட்டுகிறதோ, அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன்.