மானியமா, பங்கா, கடனா, வரிச்சலுகையா? பசுமைக் கருவிக்கு அரசுப் பணம் தேடியவரின் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஃபீனிக்ஸ் பகுதியில் மூவர் சேர்ந்து நடத்தும் எங்கள் சிறு பட்டறை, சாயப்பட்டறைகளின் வடிகாலில் வீணாக ஓடும் சுடுநீரிலிருந்து வெப்பத்தைப் பிடித்து, கொதிகலனுக்குப் போகும் குளிர்ந்த நீருக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றை உருவாக்கியது. பத்தாயிரம் லிட்டர் கழிவுநீரை 70 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறக்கினால் ஏறத்தாழ 350 கிலோவாட் மணி வெப்பம் மிஞ்சும்; சாதாரணக் கொதிகலனில் அதைப் பெற அறுபது கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிக்க வேண்டும். கணக்கு எளிதுதான். ஆனால் சாயக் கழிவில் வரும் பஞ்சுத்தூசி வழக்கமான தகட்டு வெப்பப் பரிமாற்றியைச் சீக்கிரமே அடைத்துவிடும், சாயமேற்றப் போடும் உப்போ மலிவான எஃகை அரித்துவிடும். தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் அமைப்பை மேசைமீது ஓட்டிக் காட்டிவிட்டோம். அதை ஹாமர்ஸ்டேலில் உள்ள ஓர் உண்மையான சாயப்பட்டறையில் பொருத்தி ஓராண்டு ஓட்டிப் பார்க்க 20 லட்சம் ராண்ட் தேவைப்பட்டது. அந்தப் பணத்துக்காக நாங்கள் தட்டிய கதவுகளையும், கடைசியில் எதன் வழியே உள்ளே போனோம் என்பதையும் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

சந்தையே இதற்குப் பணம் தந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2019 ஜூன் 1 முதல் கார்பன் வரி நடைமுறையில் இருக்கிறது. வெளியேற்றும் கரியமில வாயு டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கியது. ஆனால் எரிபொருளை எரிக்கும் தொழிற்கூடங்களுக்குப் பொதுவாக 10 மெகாவாட் வெப்பத்திறன் என்ற வரம்பு உண்டு. எங்கள் வாடிக்கையாளர்களின் கொதிகலன்கள் அந்த வரம்புக்குக் கீழே நிற்பவை, ஆகவே வரிக்குப் பயந்து யாரும் எங்களிடம் வரப்போவதில்லை. நிலக்கரிச் செலவு குறையும் என்பதை மட்டுமே சொல்லி விற்க வேண்டும். அதை நிரூபிக்காமல் எந்த முதலாளியும் தன் ஆலையில் துளை போட விடமாட்டார்.

முதலில் அரசின் பசுமை நிதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் நிர்வாகத்தில், தொடக்கத்தில் 80 கோடி ராண்ட் ஒதுக்கீட்டுடன் அமைந்த அந்த நிதி, திட்டங்களை வரவேற்கும் அறிவிப்புகளின் மூலமே பணம் வழங்கியது. அறிவிப்பு வரும் நாளும் நம் கருவி தயாராகும் நாளும் ஒன்றாக அமைய வேண்டும். எங்களுக்கு அமையவில்லை.

அடுத்தது வரிச்சலுகை. வருமான வரிச் சட்டத்தின் 11டி பிரிவின்படி, முன் அனுமதி பெற்ற ஆராய்ச்சிச் செலவில் 150 விழுக்காட்டை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்; இந்தச் சலுகை 2033 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. காகிதத்தில் அழகாகத் தெரியும் இதைக் கூட்டிப் பார்த்தால், நிறுவன வரி 27 விழுக்காடாக இருக்கும்போது, சாதாரணமாகச் செலவைக் கழிப்பதைவிடக் கூடுதலாகக் கிடைப்பது ராண்டுக்கு 13.5 சென்ட். எங்கள் 20 லட்சத்துக்கு அது 2,70,000 ராண்ட். அதுவும் லாபம் ஈட்டி வரி கட்டும் நிறுவனத்துக்குத்தான். நட்டத்தில் இருப்பவர்களுக்குப் பணமாகத் திரும்பி வராது, அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகும். சிறு நிறுவனங்களுக்கான குறைந்த வரி விகிதத்தில் இருப்பவர்களுக்குப் பலன் இன்னும் சுருங்கும். மானியத்தையும் இதையும் ஒரே செலவுக்குச் சேர்த்து வாங்கிவிடலாம் என்று கனவு காண்பவர்கள் 12 என்ற எண்ணுக்குப் பின் ஆங்கில ‘P’ எழுத்து சேர்ந்து வரும் அரசு மானியப் பிரிவைத் தங்கள் கணக்காளரிடம் கேட்டுப் படிக்க வேண்டும்: பட்டியலிடப்பட்ட மானியங்களுக்கு வரி இல்லை, ஆனால் அந்த மானியத்தில் செய்த செலவை மறுபடியும் கழிக்கவும் முடியாது. ஏற்கெனவே லாபத்தில் ஓடும் பெரிய ஆலை ஒன்று தன் சொந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறது என்றால் 11டி அதற்குப் பொருத்தமான வழி. எங்களுக்கு அது ஊறுகாய்தான், சோறு அன்று.

கடன் என்றால் 1940-இல் தொடங்கப்பட்ட தொழில் வளர்ச்சிக் கழகம், எல்லோரும் ஐ.டி.சி. என்று சொல்வது. அதனிடம் பொறுமையும் உண்டு, பெரிய தொகையும் உண்டு. ஆனால் கடன் என்பது திருப்பிக் கட்ட வேண்டியது. சோதனை ஓட்டம் தோற்றுப்போனால் கருவி போகும், கடன் இருக்கும். உற்பத்தி தொடங்கி, வாங்குபவரின் எழுத்துப்பூர்வ உறுதி கையில் வந்த பிறகு போக வேண்டிய இடம் அது என்று நான் நினைக்கிறேன். நாங்கள் ஆரம்ப உரையாடலைத் தாண்டிப் போகவில்லை, ஆகவே இந்த ஒரு விஷயத்தில் என் சொல்லுக்கு அரை மதிப்பு கொடுத்தால் போதும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான். ஒன்று, 2008-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டத்தால் உருவான தொழில்நுட்பப் புத்தாக்க முகமை, அதாவது டி.ஐ.ஏ. மற்றொன்று, வர்த்தக, தொழில், போட்டித் துறையின் தொழில் புத்தாக்க ஆதரவுத் திட்டம், எஸ்.பி.ஐ.ஐ.

டி.ஐ.ஏ.வின் பலம், கருத்து நிலையிலிருந்து சந்தையின் வாசல்வரை வெவ்வேறு கட்டங்களுக்கு வெவ்வேறு நிதிகளை வைத்திருப்பது. பல்கலைக்கழகங்களில் அது நடத்தும் தொழில்நுட்ப நிலையங்களும் சிறு தொழிலுக்குப் பெரிய உதவி. பணம் மைல்கற்களுக்கு ஏற்பத் தவணையாக வரும். எல்லாச் செலவையும் நாமே முதலில் செய்துவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு ஈடாக முகமை தன் பங்கைக் கேட்கலாம்: நிறுவனத்தில் பங்கு, விற்பனையில் ராயல்டி, அல்லது கடனாகத் திருப்பிக் கட்டுதல். அதில் தவறில்லை, பொதுப்பணம் திரும்பி வந்தால் அடுத்தவருக்கும் உதவும். ஆனால் மூன்று பேர் கூட்டாளிகளாக இருக்கும் பட்டறைக்கு நான்காவது கூட்டாளியாக அரசு வருவது வேறு வகையான வாழ்க்கை. மருந்து, விதை, உயிரித் தொழில்நுட்பம் போன்று விற்பனை வரப் பல ஆண்டுகள் ஆகும் துறைகளில் இருப்பவர்களுக்கு அதுவே சரியான வழியாக இருக்கக்கூடும். நான் எஃகு வெட்டுபவன், அந்த உலகத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் தேர்ந்தது எஸ்.பி.ஐ.ஐ.யின் பொருள் மற்றும் செயல்முறை மேம்பாட்டுப் பிரிவு. அது சிறு நிறுவனங்களுக்கானது. உச்சவரம்பு 20 லட்சம் ராண்ட். தகுதியுள்ள செலவில் 50 முதல் 85 விழுக்காடுவரை திருப்பிக் கட்ட வேண்டாத மானியமாகக் கிடைக்கும். விழுக்காடு உயர்வது கறுப்பினத்தவரின் உரிமைப் பங்கைப் பொறுத்தது. 2003-ஆம் ஆண்டின் பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டத்தின் வரையறையில் இந்திய வம்சாவளியினரும் அடங்குவர் என்பதை, 1860-இல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நம்மில் பலர் இன்னும் கவனிக்காமலே விண்ணப்பிக்கிறார்கள். எங்களுக்கு 85 கிடைத்தது. கண்டுபிடிப்பின் உரிமை எங்களிடமே இருக்கிறது. யாருக்கும் ராயல்டி இல்லை.

ஆனால் இந்த மானியம் முன்பணமாக வராது. செலவு செய்து, பணம் கட்டி, கட்டியதற்கான சான்றுடன் க்ளெய்ம் போட்ட பிறகே வரும். இந்த ஒரு விதிதான் மற்ற எல்லாச் சாதகங்களையும் விழுங்கவோ காப்பாற்றவோ செய்யும் என்பதால், இதில் மட்டும் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

20 லட்சம் செலவுக்கு 85 விழுக்காடு மானியம் என்றால், நாம் போட வேண்டியது 3 லட்சம் என்று மனம் உடனே கணக்குப் போடும். அந்த 3 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்களும் விண்ணப்பித்தோம். ஓராண்டுத் திட்டம், காலாண்டுக்கு 5 லட்சம் செலவு, காலாண்டு முடிந்து மூன்று மாதத்தில் க்ளெய்ம் பணம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு க்ளெய்முக்கும் 4,25,000 வரும். ஆறாம் மாத இறுதியில் முதல் பணம் வரும் முன்பு நம் கையிலிருந்து போயிருப்பது 10 லட்சம். ஒன்பதாம் மாத இறுதியில் 10,75,000. பன்னிரண்டாம் மாத இறுதியில், மூன்றாம் க்ளெய்ம் பணம் வருவதற்கு முந்தைய நாள், 11,50,000. ஒவ்வொரு க்ளெய்மும் இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போனால் அதே நாளில் 15,75,000. அதாவது, 3 லட்சத்துடன் இறங்கியவர் இடையில் ஒருநாள் அதைப்போல் ஐந்து மடங்கைத் தாங்கி நிற்க வேண்டியிருக்கும். இதற்கு மேல், வாங்கும் பொருளுக்கெல்லாம் 15 விழுக்காடு வாட் வரியையும் முதலில் நாமே கட்டி, பிறகு கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும்.

இந்த இடைவெளிக்கான விலை எவ்வளவு? தாமதம் இல்லாத முதல் கணக்கில், நம் 3 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையை, 2023 மே முதல் 2024 செப்டம்பர்வரை நிலவிய 11.75 விழுக்காடு பிரைம் வட்டியில், அதாவது வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியில், எடுத்தால், மொத்த வட்டி சுமார் 60,000 ராண்ட். சிறு நிறுவனத்துக்கு வங்கி பிரைமுக்கு மேலேயே கேட்கும். 75,000 என்று வைத்துக்கொள்ளலாம். இதை ராயல்டியுடன் ஒப்பிடுங்கள். ஓர் உதாரணத்துக்கு 3 விழுக்காடு ராயல்டி என்று கொண்டால், ஒரு கோடி ராண்ட் விற்பனையில் 3 லட்சம் போய்விடும். ஆகவே விலையை மட்டும் பார்த்தால் பின்னால் வரும் மானியம்தான் மலிவு. சிக்கல் வட்டியில் இல்லை, அந்தப் பணத்தைக் கடனாகத் தர ஆள் கிடைப்பதில் இருக்கிறது. மானிய ஒப்பந்தத்தைக் காட்டிக் கடன் கேட்டபோது, எங்கள் வங்கி அதை ஈடாகவே மதிக்கவில்லை. வீடு இருக்கிறதா என்றுதான் கேட்டது. இருந்தது. சாட்ஸ்வர்த்தில் உள்ள என் வீட்டுப் பாண்டில், அதாவது வீட்டுக் கடனில், கட்டி முடித்த தொகையை அக்சஸ் வசதியின் மூலம் திரும்ப எடுத்தோம். மனைவியிடம் ஒப்புதல் வாங்கிய மாலைதான் முழுத் திட்டத்திலும் மிகக் கடினமான மதிப்பீட்டுக் கூட்டம் என்று கூட்டாளிகள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

பொருள் தருபவரிடம் அறுபது நாள் தவணை வாங்கிச் சமாளிக்கலாம் என்று முதலில் நினைத்தோம். அது செல்லாது, கட்டாத பில்லுக்கு க்ளெய்ம் இல்லை, ஆகவே தவணை வாங்கினால் க்ளெய்மும் அவ்வளவு நாள் தள்ளிப்போகும். கைகொடுத்தது வேறொன்று. உப்பு அரிப்பைத் தாங்கும் 316 ரக எஃகுத் தகடுகள் போன்ற பெரிய கொள்முதல்களை, முந்தைய க்ளெய்மின் பணம் வந்து இறங்கிய பிறகு, ஆனால் நடப்புக் காலாண்டு முடிவதற்குச் சில நாட்கள் முன்பு, வைத்துக்கொண்டோம். காலாண்டை டிசம்பரில் முடியவிடக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை ஆலைகள் மூடியிருக்கும்; ரசீது கேட்டால் கொடுக்க ஆளிருக்காது. எங்கள் இரண்டாம் க்ளெய்ம் திரும்பி வந்ததற்குக் காரணம் எங்கள் தவறுதான்: இரண்டு பில்கள் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் கூட்டாளி ஒருவரின் பெயரில் இருந்தன. அதைத் திருத்தி அனுப்பக் கழிந்த ஏழு வாரங்களுக்கான வட்டி, அந்த இரண்டு பில்களுக்குக் கிடைத்த மானியத்தைவிட அதிகம்.

எஸ்.பி.ஐ.ஐ.யின் இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். அடிப்படை ஆராய்ச்சி முடிந்து கருத்து நிரூபிக்கப்பட்ட இடத்தில் தொடங்கி, உற்பத்திக்கு முந்தைய முன்மாதிரி உருவாகும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. அச்சுகள், விற்பனை, முதல் பத்துக் கருவிகள், எதற்கும் அதில் பணம் இல்லை. அனுமதிக்கு முன் செய்த செலவும் சேராது. தொழில்நுட்பத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டுக் கருவியை வாங்கிப் பொருத்துபவர்களுக்கும் இடமில்லை. ‘பசுமை’ என்ற சொல்லுக்காக அங்கே மதிப்பெண் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தூசி அடைக்காத பரிமாற்றி என்பதுதான் எங்களை உள்ளே விட்டது. எவ்வளவு வெப்பம் மிச்சமாகும் என்பதற்கு அடிப்படை அளவு வேண்டுமென்றால், 2002-இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய உற்பத்தி மையம் ஆலைகளில் செய்யும் ஆற்றல் மதிப்பீட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கிவைப்பது நல்லது. லோட் ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டு நாட்களில் எடுத்த அளவுகளைத் தனியே பிரித்து வைக்கவும் மறக்க வேண்டாம். பம்பு நின்று நின்று ஓடியதால் எங்கள் முதல் இரண்டு மாத அளவுகள் பயன்படாமல் போயின.

ஐம்பது லட்சம்வரை தரும் இணைநிதிப் பிரிவு ஒன்றும் அதே திட்டத்தில் உண்டு. அதில் மானியம் 50 முதல் 75 விழுக்காடு என்பதால் இடைவெளி இன்னும் அகலமாகும். இரண்டாம் மாதிரிக்காக அதற்கான கணக்கை இப்போது போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த முறை வீட்டுப் பாண்டைத் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. ஆகவே சாயப்பட்டறை முதலாளியையே கருவியின் விலையில் ஒரு பகுதியை முன்பணமாகத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர் கேட்ட முதல் கேள்வி, மானியப் பணம் எந்த மாதத்தில் வரும் என்பதுதான்.